பச்சைக் குளிகை மகாத்மியம்

விருதுநகர் பஜாரில் ஒரு மருந்துக்கடை. சாயங்காலம் ஆறரை மணி. மில் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவள் போலிருக்கிறது, இருபது வயது இருக்கலாம், முன்நெற்றி முடியில் பஞ்சுத் தூசு ஒட்டியிருக்கிறது. கண்ணாடி மேஜைமேல் இரண்டு விரலை ஊன்றிக்கொண்டு சொல்கிறாள்:

"அண்ணே, அந்தப் பச்சை மாத்திரை ஒரு அட்டை."

எந்தப் பச்சை என்று கடைக்காரர் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் எந்த மருந்துக்கடையிலும் கேட்க மாட்டார்கள். கை தானாக இழுப்பறைக்குப் போகிறது. ஒரே ஒரு விசாரணைதான்:

"சாப்பிடவா, மூஞ்சிக்கா?"

"மூஞ்சிக்குத்தாண்ணே."

அடுத்து நின்ற நான் என் பிரஷர் மாத்திரைச் சீட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். இது எந்த ஊர்? கடலை எண்ணெய்க்கும் பருப்புக்கும் விலை பேசியே வளர்ந்த ஊர். நாலு கடை தள்ளி டின் டின்னாக எண்ணெய் அடுக்கியிருக்கிறது. காற்று திரும்பினால் பிண்ணாக்கு வாசனை. இந்த ஊரில் நின்றுகொண்டு ஒரு பெண் வைட்டமின் ஈயை அட்டைக் கணக்கில் வாங்குகிறாள். உப்பளத்தில் குடியிருப்பவன் உப்புக்காகச் சலைன் பாட்டில் ஏற்றிக்கொள்வது மாதிரி.

அவளை நான் குறை சொல்லவில்லை. அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பூசும் முறையை அறியாத பாமரர்களுக்காகச் சொல்கிறேன். சேலையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக்கொள்ளவும். (அது எத்தனை நாளாக எங்கெல்லாம் குத்தப்பட்டிருந்தது என்று யோசிக்கக் கூடாது, பக்தி குறையும்.) கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குளிகையைப் பிடித்து ஒரு குத்து. முதல் சொட்டு எப்போதும் கண்ணாடிமேல் பீய்ச்சும். மிச்சம் விளக்கெண்ணெய் மாதிரி பிசுபிசுவென்று நகக்கண்ணில் இறங்கும். அதைக் கற்றாழைச் சோற்றோடு குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு படுக்கவும். காலையில் தலையணை உறை கன்னத்தோடு எழுந்து வரும். செல்போனில் வட்ட விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து "ஹாய் மக்களே" என்று ஆரம்பிக்கிற அந்தத் தங்கச்சி சொல்கிறாள், ஏழே நாளில் கண்ணாடி மாதிரி சருமம். அவள் சருமம் கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. அது அந்த விளக்கின் சருமம்.

1999-ல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு வெளிவந்தது. அறுவை சிகிச்சைத் தழும்பில் வைட்டமின் ஈ தடவினால் தழும்பு மறைகிறதா என்று பார்த்தார்கள். தடவிய பத்தில் ஒன்பது இடங்களில் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது தழும்பு இன்னும் மோசமானது. தடவிக்கொண்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு அரிப்பும் தடிப்பும் வந்தது. சின்ன ஆய்வுதான், பதினைந்து பேர்தான். ஆனால் வட்ட விளக்குத் தங்கச்சியின் ஆய்வில் ஒரே ஒரு ஆள், அதுவும் அவளே.

இதில் இன்னொரு கூத்து உண்டு. கடையில் கிடைக்கும் குளிகையிலும் பெரும்பாலான கிரீம்களிலும் இருப்பது அசல் டோகோபெரால் அல்ல, டோகோபெரில் அசிடேட். சீக்கிரம் கெட்டுப்போகாமல் இருக்க, வேலை செய்கிற முனையை அசிடேட்டால் கட்டி வைத்திருக்கிறார்கள். வாய் கட்டிய காவல் நாய். விழுங்கினால் குடலில் இருக்கிற நொதிகள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடும், நாய் குரைக்கும், கடிக்கும். தோலின் மேல் அப்பினால் கட்டை அவிழ்க்க அவ்வளவாக ஆள் கிடையாது. அசல் டோகோபெராலும் சில கிரீம்களில் சேர்க்கப்படுகிறது, உண்மைதான். எதற்கு? கிரீமில் இருக்கிற எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க. உணவுப் பொட்டலங்களிலும் இதே வேலைக்கு ஈ-307 என்ற எண்ணோடு அது உட்கார்ந்திருக்கும். ஆக, கிரீம் கெடாமல் இருக்கப் போட்டதை முகம் கெடாமல் இருக்கப் போட்டதாக அட்டைப்பெட்டியில் பொன்னெழுத்தில் அச்சடித்து விற்கிறார்கள். ஊறுகாயில் ஊற்றிய வினிகரைக் காட்டி, 'நூறு வயது வாழ வைக்கும்' என்று விற்றால் சிரிப்போமா மாட்டோமா?

மகாத்மியம் என்றால் தலபுராணம் வேண்டும். இந்தத் தலத்தின் மூலவர் ஒரு பெண் எலி.

1922, கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம். ஹெர்பர்ட் எவான்ஸ், கேதரின் ஸ்காட் பிஷப் என்ற இருவர் எலிகளுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்த்த தீனி போட்டு வளர்த்தார்கள். எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. கரு தரித்தன. ஆனால் குட்டி பிழைக்கவில்லை, வயிற்றிலேயே கரைந்தது. கொஞ்சம் லெட்டூஸ் கீரை போட்டார்கள், அப்புறம் கோதுமை முளை போட்டார்கள், எலிகள் குட்டி போட்டன. கீரைக்குள் இருந்த அந்தப் பெயரில்லாத பொருளுக்குப் பிற்பாடு ஈ என்ற எழுத்துக் கிடைத்தது. 1936-ல் அதைக் கோதுமை முளை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்து, பிரசவத்தைத் தாங்குவது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து டோகோபெரால் என்று பெயர் சூட்டினார்கள். 1938-ல் பால் காரர் ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாகவே செய்துவிட்டார். அன்றிலிருந்து எலி பெற்றது குட்டி, கம்பெனி பெற்றது கோடி.

எலிக்குப் பிரசவம் ஆனதென்றால் மனுஷிக்கும் ஆகும் என்று முதலில் விற்றார்கள். அது ஓடவில்லை. பிறகு இதயத்துக்கு என்றார்கள். பிறகு ஆண்மைக்கு, பிறகு புற்றுநோய்க்கு, பிறகு முடிக்கு, கடைசியில் முகத்துக்கு. ஒரே மாத்திரை ஊர் ஊராக வேலை தேடி அலைந்த கதை இது. எங்கும் வேலை கிடைக்காதவன் கடைசியில் சினிமாவுக்குப் போவானே, அப்படித்தான் அழகுத் துறைக்கு வந்து சேர்ந்தது.

இவ்வளவு கேலி செய்கிறேனே, வைட்டமின் ஈ வேண்டாத பொருளா? இல்லை. அது இல்லாமல் நீங்களும் நானும் இல்லை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. ஓலைக் கூரைகள் ஒன்றோடொன்று ஒட்டிய தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூரையில் தீப்பொறி விழுந்தால் அடுத்தது, அதற்கடுத்தது என்று தாவும். அந்த வரிசையின் நடுவே ஈரச் சாக்கோடு உட்கார்ந்திருப்பவன் வைட்டமின் ஈ. தீயைத் தன்மேல் வாங்கி அணைப்பான். அவன் சாக்கு காய்ந்தால் வைட்டமின் சி வந்து நனைத்துக் கொடுக்கும். எட்டு வடிவங்களில் இது இயற்கையில் கிடைக்கிறது. அதில் ஆல்பா டோகோபெரால் என்ற ஒன்றை மட்டும் நம் ஈரல் ஒரு தனிப் புரதத்தை வைத்துப் பொறுக்கி எடுத்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. அருமையான ஏற்பாடு. யாரும் ஊக்கால் குத்த வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் போதும் என்பது அமெரிக்கக் கணக்கு. சூரியகாந்தி எண்ணெய் 100 கிராமில் சுமார் 41 மில்லிகிராம் இருக்கிறது. பாதாமில் 25. கடலை எண்ணெயில் கிட்டத்தட்ட 16. வெறும் நிலக்கடலையில் 8. தாளிக்கிற எண்ணெய், கைப்பிடிக் கடலை, கீரைக் கடைசல் என்று நாள் முழுக்கத் துளித்துளியாக வந்து சேரும். இது கொழுப்பில் கரைகிற சரக்கு, உடம்பு சேர்த்தும் வைத்துக்கொள்ளும். அதனால்தான் நல்ல உடம்பு உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுக் குறையால் மட்டும் இதில் நோய் வருவது அபூர்வம். குறைப்பிரசவக் குழந்தைகள், கொழுப்பைச் செரிக்க முடியாத குடல் நோயாளிகள், அந்த ஈரல் புரதமே பிறவியில் பழுதானவர்கள், இவர்களுக்குத்தான் நிஜமான பற்றாக்குறை. அவர்களுக்கு இது உயிர் மருந்து. அவர்களை யாரும் ரீல்ஸில் காட்டுவதில்லை.

சரி, அந்த அட்டையில் என்ன இருக்கிறது? 400 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. விலை மலிந்ததென்றால் அநேகமாகச் செயற்கை. பெட்ரோலியத்திலிருந்து வரும் மூலப்பொருட்களைச் சேர்த்துச் செய்தது, அதில் பாதி வடிவத்தை உடம்பு ஏற்காது. தள்ளுபடியெல்லாம் போக 180 மில்லிகிராம் உடம்புக் கணக்கில் சேரும். அதுவே 12 நாள் தேவை, ஒரு விழுங்கில். அதே அளவு நிலக்கடலையில் வேண்டுமென்றால் இரண்டு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். இரண்டு கிலோ கடலையை ஒரே உட்காரலில் தின்கிறவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம். அதையே பச்சை உறையில் போட்டு விழுங்கினால் 'ஹெல்த் கான்ஷியஸ்' என்கிறோம்.

இப்போது என் வயிறு எரிகிற இடத்துக்கு வருகிறேன்.

எண்ணெயைச் சுத்திகரிக்கிறார்களே, அதன் கடைசிக் கட்டம் மணம் நீக்குவது. இருநூறு டிகிரிக்கு மேல் காய்ச்சி, வெற்றிடத்தில் நீராவியை ஊடே விடுவார்கள். வாசனை ஆவியாகிப் போகும். கூடவே டோகோபெராலில் ஒரு பங்கும் போகும். முழுக்கப் போகாது, எண்ணெயில் நல்ல பங்கு மிஞ்சும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன அந்த ஆவியைச் சும்மா விடுவார்களா? குளிரவைத்துப் பிடிக்கிறார்கள். அப்படிச் சேரும் அந்தக் கசண்டிலிருந்துதான், முக்கியமாக சோயா எண்ணெய்க் கசண்டிலிருந்துதான், 'இயற்கை வைட்டமின் ஈ' என்று கூடுதல் விலை போட்ட குளிகைகள் உலகம் முழுக்கத் தயாராகின்றன. புரிகிறதா வியாபாரம்? உங்கள் வாணலிக்கு வரவேண்டியதை வழியில் இறக்கிக்கொண்டு, உங்களிடமே அட்டை போட்டு விற்பது. பால்காரர் ஆடையை எடுத்துக்கொண்டு பாலை ஊற்றினால் தெருவே கூடிச் சண்டைக்குப் போகிறோம். இங்கே ஆடையை எடுத்தவனிடமே வரிசையில் நின்று வெண்ணெய் வாங்குகிறோம்.

அரிசியில் இதைவிடப் பழைய கதை. நெல்லின் வைட்டமின் ஈ தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. வெள்ளை வெளேரென்று சோறு வேண்டும் என்று அதைத் தீட்டித் தள்ளினோம். தவிடு மாட்டுக்குப் போனது. மாடு பளபளவென்று இருக்கிறது, தடவிப் பாருங்கள். பிறகு ஒரு நாள் அந்தத் தவிட்டையும் மாட்டிடமிருந்து பிடுங்கி எண்ணெய் எடுத்து, இதயத்துக்கு நல்லது என்று படம் போட்டு விற்றார்கள். மாட்டுக்குப் பேச வாயிருந்தால் கேட்டிருக்கும்.

'அதனால்தான் சார் மரச்செக்கு' என்று ஒரு குரல் வருகிறது, எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் வாழும் மாமாக்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாமா, நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் செக்குத் தேங்காய் எண்ணெயில் வைட்டமின் ஈ இல்லை என்றே சொல்லிவிடலாம். நல்லெண்ணெயில் ஆல்பா வகை சொற்பம், காமா வகைதான் அதிகம், அதை உடம்பு அவ்வளவாகத் தங்கவிடாது. நல்லெண்ணெய்க்கு வேறு பெருமைகள் உண்டு, அதற்காக இல்லாத பெருமையையும் ஏற்றாதீர்கள். இன்னொரு சேதி: ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுக்கிறார்களே, பாமாயில், பை தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து 'விஷம், விஷம்' என்று மூக்கைப் பொத்துகிறீர்களே, அதில் உங்கள் தேங்காய் எண்ணெயைவிடப் பல மடங்கு வைட்டமின் ஈ இருக்கிறது. பாமாயில் கொழுப்பைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம், நானும் வருகிறேன். ஆனால் ஈ என்று வந்துவிட்டால் கார்டுதாரர் ஜெயித்தார், மாமா தோற்றார்.

முகத்தை விடுங்கள், முகம் போனால் போகிறது. உள்ளே விழுங்கச் சொன்னவர்களின் கணக்கைப் பார்ப்போம். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைத் திரட்டி, ஒரு பகுதிக்கு வைட்டமின் ஈ கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, மூளையில் ரத்தக்கசிவால் இறந்தவர்கள் ஈ சாப்பிட்டவர்களில் கூடுதல். இதயத்துக்கு என்று 9,500 பேரை வைத்து இன்னொன்று, 2000-ல் முடிவு: பலன் பூஜ்யம். விடாமல் தொடர்ந்து பார்த்ததில் 2005-ல் தெரிந்தது, ஈ சாப்பிட்டவர்களுக்கு இதயம் பலவீனமாவது அதிகம். இவற்றுக்கெல்லாம் மகுடம் வைத்தது 35,533 ஆண்கள் கலந்துகொண்ட அமெரிக்க ஆய்வு. புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித் தினம் 400 யூனிட் கொடுத்தார்கள். அதே நம் குளிகை அளவு. 2008-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2011-ல் கணக்குப் போட்டால், ஈ மட்டும் சாப்பிட்ட கூட்டத்தில் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். காவலுக்கு வைத்தவனே கன்னக்கோலோடு நின்றான்.

நுரையீரல் கதையும் ஒன்று இருக்கிறது. 2019-ல் அமெரிக்காவில் ஆவிச் சிகரெட் இழுத்த இளைஞர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிகளில் வந்து விழுந்தார்கள். 2,800 பேருக்கு மேல். 68 பேர் செத்தார்கள். கஞ்சா எண்ணெயைக் கெட்டியாகக் காட்டக் கலப்படக்காரர்கள் கலந்த பொருள்தான் முக்கியக் குற்றவாளி என்று கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் வைட்டமின் ஈ அசிடேட். தங்கச்சி முகத்தில் பூசுகிறாளே, அதே ஆசாமி. சருமத்துக்கு நல்லது, சாப்பிட்டால் நல்லது, அப்படியானால் புகையாக இழுத்தாலும் நல்லதுதானே என்று எவனோ கணக்குப் போட்டிருக்கிறான்.

இவ்வளவும் தெரிந்த டாக்டர்கள் இங்கே என்ன செய்கிறார்கள்? சீட்டின் கடைசி வரியில் எழுதுகிறார்கள். தலைவலிக்கு மூன்று மருந்து எழுதியபின் காகிதத்தில் இடம் மிஞ்சினால் அதை வெறுமையாக விட மனசு வராது போலிருக்கிறது. என் பெரியம்மாவுக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுத்திருந்தார்கள். கெண்டைக்கால் பிடிக்கிறது என்று இன்னொரு இடத்தில் காட்டினாள். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பச்சை, தினம் ஒன்று, மூன்று மாதம். இரண்டாவது மாதம் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. முழங்கையில் மாங்காய் அடிபட்ட மாதிரி நீலம். "வயசாச்சு, தோல் மெலிஞ்சிருச்சுடா" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பழைய டாக்டரிடம் போனபோது அவர் மாத்திரைப் பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார். பச்சை அட்டையை எடுத்துத் தனியே வைத்தார். பேசவில்லை. அவர் பேசாமலிருந்ததுதான் எனக்கு அதிகக் கோபம் தந்தது. அது மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தக்கசிவைக் கூட்டும் என்பது ரகசியமல்ல, மருந்தியல் படிக்கும் பையனைக் கேட்டாலும் சொல்வான். எழுதிய கை அந்தப் பாடம் நடந்த அன்று வகுப்புக்குப் போகவில்லை போலும்.

சர்க்கரை நோய் இல்லாத, ஈரலில் கொழுப்பு படிந்து வீங்கிய சிலருக்கு இதைக் கொடுத்தால் பலன் உண்டு என்று 2010-ல் ஒரு நல்ல ஆய்வு சொன்னது. கண்ணின் விழித்திரை நோய்க்கான ஒரு கலவை மாத்திரையிலும் இது இருக்கிறது. ஆக மருந்துக்கு மருந்தாக வேலை இருக்கிறது. மருந்தை மருந்தாக நடத்தினால் போதும். இங்கே சட்டமும் இருக்கிறது. மருந்தின் பெயரால் மாயம் காட்டும் விளம்பரங்களுக்கு எதிராக 1954-லேயே சட்டம் போட்ட தேசம் இது. புற்றுநோயைத் தீர்ப்பேன் என்று விளம்பரம் போட்டால் பிடிக்கலாம். 'பொலிவு' என்று போட்டால்? பொலிவு நோய்ப் பட்டியலில் இல்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று எலிக்குத் தெரியாதா.

மருந்துக்கடைக்குத் திரும்புவோம். அந்தப் பெண் கைப்பையைத் திறந்து ரூபாய் எடுக்கும்போது உள்ளேயிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டு மேஜைமேல் விழுந்தது. அரசு ஆஸ்பத்திரி முத்திரை. கடைக்காரர் கண்ணில் பட்டுவிட்டது.

"இது என்னம்மா?"

"சத்து மாத்திரைண்ணே. ரத்தம் எட்டுதான் இருக்காம். அங்கயே சும்மா குடுத்தாங்க."

"சாப்பிடுறியா?"

"வயித்தப் பெரட்டுது. வெளிக்குக் கருப்பாப் போகுது. விட்டுட்டேன்."

இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எட்டு மணி நேரம் நின்றே நூல் முடிச்சுப் போடுகிற ஒருத்தி, ரத்தம் எட்டுதான், முகம் வெளிறாமல் என்ன செய்யும்? அந்த வெளுப்புக்கு மருந்து இலவசமாகக் கொடுத்தாயிற்று. சாப்பிட்டபின் போட்டுப் பார், அளவை மாற்றிப் பார்க்கலாம், கருப்பாகப் போவது பயப்பட வேண்டியதில்லை என்று ரெண்டு நிமிஷம் உட்காரவைத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. அந்த மாத்திரைக்கு வட்ட விளக்கு இல்லை, தங்கச்சி இல்லை, பொன்னெழுத்து இல்லை, விற்றால் யாருக்கும் லாபமில்லை. இல்லாத குறைக்கு ஆயிரம் பேர் வைத்தியம் சொல்கிறார்கள். இருக்கிற குறை நாலாக மடித்துப் பைக்குள் கிடக்கிறது.

கடைக்காரர் நல்ல மனுஷர். "சாப்பாட்டுக்கு அப்புறம் போடும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னார். பில் போட்டார். மூன்று ரூபாய் பாக்கி தரவேண்டும்.

"சில்லறை இல்லம்மா" என்று ஜாடியைத் திறந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து அட்டைமேல் வைத்தார்.

அவள் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"வேணாண்ணே. கடலை தின்னா பரு வரும்."

திரும்பியவள் என்னைப் பார்த்தாள். மூன்று ரூபாய் வீணாகப் போகிறதே என்று நினைத்திருக்க வேண்டும். மிட்டாயை என் பக்கம் நகர்த்தி, "நீங்க சாப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.

வாங்கித் தின்றேன். கோவில்பட்டிச் சரக்கு. நல்ல வறுவல்.